காற்றடிக்கிற கரையில் மானிட்டர்: ஸ்டெபிலைசர் ரிக்குக்குத் தேர்வு செய்வதும் பொருத்துவதும்

தனுஷ்கோடிக்கு வரும் கல்யாண வீடியோ குழுக்களைக் கவனித்தால் ஒன்று புரியும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்திருப்பார்கள். மானிட்டர் மட்டும் ஸ்டுடியோவில் கிடந்தது எதுவோ அது. ஏழு அங்குலம், அதன் மேல் வெயில் மறைக்கும் ஆழமான ஹூட், அதையும் ஒரு முழம் தள்ளி மேஜிக் ஆர்மில் (எப்படியும் வளைத்துப் பூட்டும் கை) தொங்கவிட்டிருப்பார்கள். அரிச்சல்முனைச் சாலையில் நாலு எட்டு வைத்ததும், நடக்கும்போது படம் குலுங்காமல் கேமராவைத் தாங்க வேண்டிய ஸ்டெபிலைசர் ரிக் தானாகத் திரும்பத் தொடங்கும். ஆபரேட்டர் அதைக் கையால் அழுத்திப் பிடிப்பார். அப்புறம் அது ஸ்டெபிலைசர் ஷாட்டாகவே இருக்காது.

தொண்டி, தேவிபட்டினத்திலிருந்து மண்டபம், இராமேஸ்வரம், கீழக்கரை, வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் எங்கே எடுத்தாலும், மானிட்டரை முதலில் காற்றுக்காகவும், அடுத்து வெயிலுக்காகவும், அதன் பிறகே படத்தின் தரத்துக்காகவும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கடை விளம்பரங்கள் இதை அப்படியே தலைகீழாகச் சொல்லும். ஏசி அறையில் வைத்துப் பார்க்கும்போது அவர்கள் சொல்வதும் சரிதான்.

உங்கள் ரிக் எந்த வகை?

ஸ்டெபிலைசர் என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் மானிட்டர் விஷயத்தில் சட்டமே வேறு.

ஒன்று, மோட்டார் கிம்பல். கேமரா மூன்று மோட்டார்களுக்கு நடுவே இருக்கும். கைப்பிடி வெளியே இருக்கும். இதில் மானிட்டர் கைப்பிடிப் பக்கம்தான் வர வேண்டும். கேமராவின் தலையில் இருக்கும் கோல்டு ஷூ என்ற சொருகியில் வைத்தால் அந்த எடையையும் மோட்டார்கள் சுமக்கும், மேல்பாரம் கூடும், காற்றடிக்கும்போது பக்கச் சாய்வைத் திருத்தும் ரோல் மோட்டார் முனகும். 3 கிலோ தாங்கும் கிம்பல் என்றால் அது அசையும் பகுதியின் எடைக்கான கணக்கு. கைப்பிடியில் வைத்த மானிட்டர் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் மணிக்கட்டுக் கணக்கில் மட்டும் சேரும்.

இன்னொன்று, ஸ்லெட் வகை. கேரட் பிரௌன் 1970-களின் நடுவில் உருவாக்கிய ஸ்டெடிகேமின் வழிவந்தவை: மேலே கேமரா, நடுவே போஸ்ட் என்ற தண்டு, கீழே மானிட்டரும் பேட்டரியும். ஸ்பிரிங் ஆர்ம், உடம்பில் மாட்டும் வெஸ்ட் வைத்துத் தூக்கும் பெரியதும் உண்டு, கையில் பிடிக்கும் சின்னதும் உண்டு. இதில் மானிட்டர் வெறும் திரை அல்ல, பேலன்ஸில் ஒரு அங்கம். 50 கிராம் மாறினாலும் ரிக் முழுவதையும் மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். மேலே கேமராவில் கண்ணை வைக்க முடியாது; தலை பட்டாலே ஷாட் ஆடிவிடும். அதனால்தான் திரை கீழே வந்தது. குனிந்த பார்வையில் படமும் தெரியும், காலடியும் தெரியும்.

காற்றுக் கணக்கு

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் மன்னார் வளைகுடாப் பக்கம் நிற்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சின்னக் கணக்கு ஒன்று. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஏழு அங்குல மானிட்டரின் முகத்தில் நேராக மோதினால், ஹூட் விளிம்பையும் சேர்த்து, ஏறக்குறைய 200 கிராம் எடைக்குச் சமமான விசையில் தள்ளும். ஐந்து அங்குலம் என்றால் 80 கிராமுக்குள் அடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

இது எதிர்க்காற்று. ஸ்லெட்டின் கீழ்ப்பகுதியைத் தள்ளி லென்ஸை மேலும் கீழும் ஆட்டும். பக்கக்காற்று இன்னும் மோசம். தனுஷ்கோடி நிலம் தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. ஆக, சாலையோடு நடக்கும்போது காற்று எப்போதும் விலாவில்தான். ஹூட் இல்லாத மானிட்டர் பக்கவாட்டில் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன்தான், அதன் மேல் 20 கிராம் விசை விழும். 12 சென்டிமீட்டர் ஆழமான ஹூட்டை மாட்டினால் அதே காற்று 100 கிராமுக்கு மேல் தள்ளும். போஸ்டிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தால் அது வள்ளத்துப் பாய் போல ரிக்கையே திருப்பிவிடும். சுருக்கமாக, இந்தக் கரையில் பெரிய எதிரி ஹூட்தான்.

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். அந்த மாதிரி நாளில் ரிக்கை வெளியே எடுக்காதீர்கள், ட்ரைபாடோடு முடித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கச்சான் நாளில், நடந்து எடுக்கும் ஷாட்டுகளைப் பெண் கடல் (வடக்கே பாக் நீரிணை) பக்கம், வீடோ தோப்போ மறைக்கிற இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். மார்கழி, தை வாடையில் அப்படியே திருப்பிப் போட வேண்டும். அப்போது ஆண் கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) பக்கம் அடங்கியிருக்கும்.

எதை வாங்குவது, அல்லது வாடகைக்கு எடுப்பது

அளவு: கையில் பிடிக்கும் ரிக்குக்கும் கிம்பலுக்கும் ஐந்து, ஐந்தரை அங்குலம் போதும். வெஸ்ட் போட்டுத் தூக்கும் ரிக்குக்கு ஏழு அங்குலம் வரை போகலாம், ஏனென்றால் அங்கே திரை கண்ணிலிருந்து தள்ளி இடுப்புக்குக் கீழே இருக்கும். ஐந்து அங்குல மானிட்டர் பேட்டரி இல்லாமல் பெரும்பாலும் 200 முதல் 350 கிராம். ஏழு அங்குலம் 400-லிருந்து 700 வரை. வாங்கும் முன் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எடையில் பேட்டரி தட்டும் கேபிளும் சேர்ந்திருக்காது.

வெளிச்சம்: மேலே விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள், திரையின் பளிச்சை நிட்ஸில். நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். திரை அதில் 2 சதவீதத்தைச் சிதறடித்தாலே அதன் மேல் 600 நிட்ஸுக்கு மேற்பட்ட வெள்ளைப் பூச்சு விழும். கேமராவின் சொந்தத் திரை வெயிலில் கறுத்துப் போவது இதனால்தான். 1000 நிட்ஸ் மானிட்டர் காலை எட்டரை வரையும், மாலை நாலரைக்கு மேலும், நிழலிலும் தாங்கும். உச்சி வெயிலில் வெள்ளை மணலில் நடக்க வேண்டுமென்றால் 2000 நிட்ஸுக்குக் குறையாமல் பாருங்கள். ஹூட்டுக்குப் பதிலாக நிட்ஸுக்குக் காசு கொடுங்கள். நிட்ஸ் காற்றில் ஆடாது.

ஆனால் அதற்கும் விலை உண்டு. 2000 நிட்ஸ் தாண்டிய மானிட்டர்களில் பலவற்றுக்கு உள்ளே விசிறி இருக்கும். அது உப்புக் காற்றையும் மணல் தூசியையும் உள்ளே இழுக்கும். விசிறி இல்லாமல், பின்பக்கம் அலுமினியத்தாலேயே வெப்பத்தை வெளியேற்றும் மாடல் கிடைத்தால் கொஞ்சம் நிட்ஸ் குறைந்தாலும் அதையே எடுங்கள். மின்சாரமும் கூடுதலாகத் தின்னும்: 1000 நிட்ஸ் ஐந்து அங்குலம் 10 வாட் அளவில் நிற்கும், 2000 நிட்ஸ் ஏழு அங்குலம் 20 வாட்டைத் தொடும். 98 வாட்-அவர் வி-மவுண்ட் பேட்டரியில் (ரிக்கில் சொருகும் பெரிய பேட்டரி) 15 வாட் கேமராவும் 20 வாட் மானிட்டரும் ஓடினால் காகிதக் கணக்கில் 2 மணி 48 நிமிடம்; கையில் இரண்டேகால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் வேலையை இராமேஸ்வரத்திலேயே முடித்துவிடுங்கள். முனைப் பக்கம் போய்ப் பிளக்பாயின்ட் தேட முடியாது.

இணைப்பு: படத்தைக் கொண்டுவரும் வயர் வகைகளான எச்டிஎம்ஐ, எஸ்டிஐ இரண்டில் உங்கள் கேமராவில் எது இருக்கிறதோ அது. மாற்றிப் பெட்டி வைத்தால் எடை, வயர், கெட்டுப் போக இன்னொரு சாமான். மைக்ரோ எச்டிஎம்ஐ உள்ள கேமரா என்றால் கேபிள் கிளாம்ப் இல்லாமல் ரிக்கில் ஏற்றவே கூடாது. அந்தச் சின்னத் துளை ஒரு இழுப்பில் தளர்ந்துவிடும். வயர்லெஸ் மணமகன் வீட்டாருக்கும் இயக்குநருக்கும் காட்ட நல்லது. ஆபரேட்டருக்கு வேண்டாம். 60, 80 மில்லிசெகண்ட் தாமதமே நடக்கும்போது ஃபிரேமைத் துரத்த வைக்கும்.

கருவிகள்: ஃபால்ஸ் கலர் (வெளிச்ச அளவை நிறங்களாகக் காட்டும்), வேவ்ஃபார்ம் (அதையே வரைபடமாகக் காட்டும்), பீக்கிங் (ஃபோகஸ் விழுந்த விளிம்புகளைக் காட்டும்), கட்டக் கோடுகள். இவை நாலும் கட்டாயம். வெள்ளை மணலும் வெள்ளை வேட்டியும் ஒரே ஃபிரேமில் இருக்கும்போது, திரையின் பளிச்சை வைத்து எக்ஸ்போஷரைத் தீர்மானித்தால் வீட்டுக்குப் போனதும் அழ வேண்டியதுதான். 2000 நிட்ஸில் எல்லாமே ஓவராகத் தெரியும், கை தானாக ஐரிஸை மூடும். மற்ற வசதிகளெல்லாம் இருந்தால் இருக்கட்டும்.

ஸ்லெட்டில் பொருத்துதல்

இதை லாட்ஜ் அறையிலோ, ரிசப்ஷன் ஹாலிலோ, காற்றில்லாத இடத்தில் செய்யுங்கள். கடற்கரையில் போய்ப் பேலன்ஸ் செய்பவர் காற்றைப் பேலன்ஸ் செய்துகொண்டிருப்பார்.

1. கேமராவை முழுதாக ஏற்றுங்கள். லென்ஸ், ஃபில்டர், கார்டு, மைக், லென்ஸ் மூடியைக் கழற்றியது வரை எல்லாம் ஷாட்டில் எப்படி இருக்குமோ அப்படி.

2. பிராக்கெட்டை மாட்டுங்கள். ஒரே கால் அங்குலத் திருகில் தொங்கும் மானிட்டர் நடக்க நடக்கச் சுழலும். பக்கத்தில் சின்ன முளைகள் இருந்து துளைக்குள் உட்காரும் வகையோ, இரண்டு திருகு வகையோ வேண்டும். பால் ஹெட் வேண்டாம், மேஜிக் ஆர்ம் வேண்டவே வேண்டாம். முன்னும் பின்னும் மட்டும் சாயும் கீல் வகைதான் ஸ்லெட்டுக்கு ஏற்றது. திருகு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்கட்டும். முலாம் பூசிய இரும்புத் திருகு இந்த உப்பில் ஒரு சீசன் தாங்காது.

3. சாய்வை இப்போதே முடிவு செய்யுங்கள், பேலன்ஸுக்குப் பிறகு மாற்றாதீர்கள். நிமிர்ந்து நின்று, கண்ணை மட்டும் தாழ்த்தினால் முழுத்திரையும் தெரிய வேண்டும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது: திரையை வானம் பார்க்கச் சாய்க்கச் சாய்க்க எதிர்க்காற்றுக்குக் காட்டும் பரப்பு குறையும். பதிலுக்கு அது வானத்தையும் உங்கள் சட்டையையும் பிரதிபலிக்கும். கல்யாண வீடு என்று வெள்ளைச் சட்டையில் போனால் திரை முழுக்க உங்கள் சட்டைதான் தெரியும். கறுப்போ கருநீலமோ போடுங்கள், மங்கலச் சடங்கு என்று யாராவது முகம் சுளித்தால் காரணத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

4. மட்டம். இது மற்ற ஊர்களைவிட இங்கே முக்கியம், ஏனென்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபிரேமில் கடல்கோடு இருக்கும். ஒரு பாகை சாய்ந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். திரையே போஸ்டுக்குக் கோணலாக மாட்டியிருந்தால், கேமரா நேராக இருக்கும்போது படம் சாய்ந்ததாகத் தோன்றும். நீங்கள் அதைச் ‘சரி’ செய்யப் போய் எல்லா ஷாட்டையும் சாய்ப்பீர்கள். ஆகவே ஸ்டாண்டில் ரிக்கை நிறுத்தி, மேல்தட்டில் ரசமட்டத்தை வைத்துக் கேமராவை மட்டமாக்குங்கள். பிறகு அதே ரசமட்டத்தை மானிட்டரின் மேல் விளிம்பில் வையுங்கள். குமிழி நடுவில் இல்லையென்றால் பிராக்கெட்டைத் தளர்த்தித் திருத்தி, ஆலன் கீயால் இறுக்குங்கள். ஒரு சின்னக் குமிழியைத் திரையின் அடிவிளிம்பிலேயே ஒட்டி வைப்பது நல்லது. கரைக்குப் போனதும் கட்டக் கோட்டையும் கடல்கோட்டையும் ஒன்றாக வைத்து ஒரு முறை சரிபாருங்கள்.

5. பேட்டரியை எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். மானிட்டரும் பிராக்கெட்டும் 450 கிராம், போஸ்டிலிருந்து 20 சென்டிமீட்டர் என்றால், 600 கிராம் பேட்டரி 15 சென்டிமீட்டரில் நின்றால் சமம். நீட்டி வைத்தால் திரும்பும் நிலைமம் தூரத்தின் இருமடியாகக் கூடும். கல்யாண மண்டபத்துக்குள் அது நல்ல மெதுவான பான் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது) கொடுக்கும். விடாமல் வீசும் கச்சானில் அதே நீளம் உங்கள் விரல்களுக்கு வேலை வைக்கும். வெளியே என்றால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். மானிட்டரின் முதுகில் தனிப் பேட்டரி மாட்டுவதானால் எல்லா உதிரிப் பேட்டரியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரிய என்பி-எஃப்970 பேட்டரியைக் கழற்றிச் சின்ன என்பி-எஃப்550-ஐ மாட்டினால் சுமார் 200 கிராம் போய்விடும், மூக்கு தூக்கிக்கொள்ளும். டி-டேப்பில் (பெரிய பேட்டரியில் இருக்கும் மின்சாரத் துளை) கீழ்ப்பேட்டரியிலிருந்தே எடுப்பது மேல். மானிட்டர் எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. மேல்தட்டை முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்திப் போஸ்ட் செங்குத்தாக நிற்க வையுங்கள். கேமராவின் எடை மையம் பெரும்பாலும் போஸ்டுக்குச் சற்றே பின்னால் விழும், அது சரிதான்.

7. விழும் நேரம். போஸ்டைக் கிடையாகப் பிடித்து விடுங்கள். செங்குத்துக்கு வர இரண்டு முதல் மூன்று வினாடி என்பது வழக்கம். காற்றுக்கு நான் ஒன்றரையிலிருந்து இரண்டு வைக்கச் சொல்வேன். போஸ்டில் கைப்பிடி சேரும் மூட்டை (இதற்கும் கிம்பல் என்றே பெயர்) ஒரு நூல் மேலே ஏற்றினால் அடிப்பாரம் கூடி நேரம் குறையும். இதனால் நடையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஊசலாடும், அதை விரலால் அடக்கப் பழக வேண்டும். ஹாலுக்குள் திரும்பியதும் பழையபடி வைத்துவிடுங்கள்.

8. சுழற்றிப் பாருங்கள். மெதுவாகப் போஸ்டை ஒரு சுற்று விட்டால் பம்பரம் தலையாட்டுவது போல ஆடாமல் நேராகச் சுற்ற வேண்டும். ஆடினால் பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி, மேல்தட்டால் மறுபடி நேராக்கி, மறுபடி சுற்றுங்கள். பொறுமை போகிற இடம் இதுதான். ஒரு முறை சரியாக அமைந்ததும் பேட்டரி நின்ற இடத்திலும் மேல்தட்டிலும் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

9. வயர். பெரிய ஸ்லெட்களில் போஸ்டுக்குள்ளேயே வயர் ஓடும், கவலையில்லை. சின்ன ரிக்குகளில் மேலிருந்து கீழே வெளியே வயர் விட்டால், திரும்பும்போது கைப்பிடியில் மாட்டி இழுக்கும். போஸ்ட் குழாயாக இருந்தால், தலை தனியாகக் கழலும் மெல்லிய பட்டை எச்டிஎம்ஐ கேபிளை உள்ளே நுழைக்கலாம். எஸ்டிஐ என்றால் மெல்லிய கோஆக்ஸை உள்ளே விட்டு அதன் பிஎன்சி தலையைப் (முனை இணைப்பான்) பிறகு அடிக்கலாம். இரண்டும் முடியாதென்றால் மானிட்டரை மேல்தட்டிலேயே சின்னதாக மாட்டி, கீழே வட்டு எடைகளைச் சேர்த்துவிடுங்கள். வெளியே தெரியும் எந்த வளையத்தையும் வெல்க்ரோவால் கட்டுங்கள். சீமைக் கருவேலங்கிளை ஒன்று போதும், கேபிளோடு துளையையும் பிடுங்கிக்கொள்ள.

எஸ்டிஐ பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே பேட்டரியிலிருந்து கேமராவுக்கும் மானிட்டருக்கும் மின்சாரம் போகும்போது, முதலில் பவர், பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, பிறகு பவர். மாற்றிச் செய்தால் மின்னோட்டம் எஸ்டிஐ வயரின் உறை வழியே ஓடி, கேமராவின் எஸ்டிஐ சர்க்யூட்டையே எரித்துவிடக் கூடும். உதவியாளருக்கு இதைச் சொல்லாமல் ரிக்கைக் கையில் கொடுக்காதீர்கள்.

கிம்பலில் பொருத்துதல்

வேலை குறைவு. கைப்பிடியில் இருக்கும் நேட்டோ ரயிலிலோ (துணைக்கருவி மாட்டும் தண்டவாளப் பட்டை) வளையக் கிளாம்பிலோ குட்டை ஆர்மை மாட்டி, திரையைக் கைப்பிடிக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். இங்கே உயிர்நாடி கேபிள்தான். அசையும் கேமராவிலிருந்து அசையாத கைப்பிடிக்கு வரும் வயர் விறைப்பாக இருந்தால் மோட்டார் அதோடு மல்லுக்கட்டும், படத்தில் மெல்லிய நடுக்கமாக வரும். மெல்லிய, துவளும் கேபிளாக எடுத்து, கேமராத் தட்டில் ஒரு கிளாம்ப், கைப்பிடியில் ஒன்று, நடுவே தளர்வான ஒரு வளையம். மோட்டாரை அணைத்துவிட்டு மூன்று அச்சையும் கையால் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், எங்கும் இழுக்கக் கூடாது. அதற்குப் பிறகே ஆட்டோ டியூன், அதாவது மோட்டார் விசையைக் கிம்பலே சரிசெய்துகொள்வது.

வள்ளத்தில் ஏறி எடுப்பவர்களுக்கு: டீசல் எஞ்சின் அதிர்வு உடம்பு வழியாக வந்து நீண்ட ஆர்மில் இருக்கும் திரையை மங்கலாக்கும். ஆர்மைப் பாதியாக்குங்கள். மானிட்டரையும் ரிக்கையும் மெல்லிய நைலான் கயிற்றால் இணைத்துவிடுங்கள். திருகு கழன்றால் கடலுக்குள் போகாது.

படப்பிடிப்பின்போது

டேக்குக்கும் டேக்குக்கும் இடையே ஒரு வெள்ளைத் துண்டைத் திரை மேல் போடுங்கள். பல மானிட்டர்கள் 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரைதான் உத்தரவாதம் தருகின்றன, கறுப்பு உடம்பு வெயிலில் அதைச் சீக்கிரம் தாண்டும். சூடேறியதும் திரை தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் நிட்ஸ் போதவில்லை என்று நினைப்பீர்கள். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் சில கோணங்களில் திரை கறுத்துவிடும். கடையிலேயே அதே கண்ணாடியோடு ஒரு முறை பார்த்துவிடுங்கள். எவ்வளவு சொன்னாலும் ஹூட் வேண்டும் என்பவர்கள் மூன்று, நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அடிப்பக்கம் திறந்தபடி மாட்டிக்கொள்ளுங்கள். காற்று அதிகமானால் பிய்த்து எடுக்கிற மாதிரி வெல்க்ரோவில்.

முடிந்த பிறகு

மணலோடு திரையைத் துடைத்தால் கோடு விழும். முதலில் ரப்பர் ஊதியால், மானிட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, மணலை உதிர்த்துவிடுங்கள். பிறகு கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, அதன்பின் உலர் துணி. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அதில் துடைத்தால் உப்பை எடுத்து உப்பை வைத்த கதைதான். பிஎன்சி, டி-டேப் முனைகளுக்கு கான்டாக்ட் கிளீனர் மட்டும். எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் மணல் ஒட்டிக்கொள்ளும். பிராக்கெட் திருகை அன்றே ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள். அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் சேர்ந்து கிடந்தால் கடித்துக்கொள்ளும், பிறகு ஆலன் கீயின் மூலைதான் மழுங்கும்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். லாட்ஜில் ஏசி அறை என்றால், மறுநாள் காலை பெட்டியைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளி வராந்தாவில் வையுங்கள். குளிர்ந்த மானிட்டரை நேராகக் கடல் ஈரத்தில் எடுத்தால் திரையிலும் துளைகளிலும் வியர்த்துவிடும், அந்த நிலையில் பவர் கொடுக்கக் கூடாது.